விமானியின் மடியில் ஒரு திரை: கைக்கருவிப் பறத்தல் செயலிகள் என்ன செய்கின்றன, எதை நம்பலாம்?

2025 ஏப்ரலில் போயிங் நிறுவனம் தன் டிஜிட்டல் தொழில்களில் சிலவற்றை தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தது. விலை 1,055 கோடி டாலர். விற்பனைப் பட்டியலில் விமான வரைபடங்களுக்குப் பேர்போன ஜெப்பசன் இருந்தது. கூடவே ஃபோர்ஃபிளைட், ஓஸ்ரன்வேஸ் என்ற இரண்டு பெயர்கள். விமானத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இவை புதிதாகத்தான் இருந்திருக்கும். இரண்டும் ஐபேடில் ஓடும் செயலிகள். சிறிய விமானம் ஓட்டும் தனியார் விமானிகள் தொடையில் கட்டிக்கொண்டு பறப்பவை.

காரில் வழிகாட்டும் செயலி போலத்தானே, இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் வழி காட்டுவது இந்தச் செயலிகளின் வேலையில் சிறு பகுதிதான். மீதியைப் புரிந்துகொண்டால்தான் இவற்றின் பலமும் ஆபத்தும் புரியும்.

புறப்படும் முன் ஒரு விமானி செய்ய வேண்டியவை

விமான நிறுவனங்களில் பறத்தலைத் திட்டமிட தரையில் தனி அலுவலகமே உண்டு. எந்தப் பாதை, எவ்வளவு எரிபொருள், வழியில் எங்கே இடிமழை என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் கணக்கிட்டு விமானியிடம் கொடுப்பார்கள். நான்கு இருக்கை விமானத்தில் தனியாகப் பறப்பவருக்கு அந்த அலுவலகமும் அவரேதான். குறைந்தபட்சம் இவை நடந்தாக வேண்டும்:

1. பாதையைத் தீர்மானித்தல். அனுமதி இல்லாமல் நுழையக்கூடாத வான்வெளிகள், மலைகள், கோபுரங்கள் எல்லாவற்றையும் தவிர்த்து.

2. காற்றுக்கு ஏற்ப, மூக்கு நோக்க வேண்டிய திசை, தரைமேல் வேகம், நேரம், எரிபொருள் இவற்றைக் கணக்கிடுதல்.

3. எடையும் சமநிலையும். ஆட்கள், பைகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து விமானத்தின் ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்தல்.

4. ஓடுபாதையின் நீளம் போதுமா என்று பார்த்தல். வெயிலும் உயரமும் கூடக் கூட காற்றின் அடர்த்தி குறையும், எழும்ப அதிக தூரம் பிடிக்கும்.

5. வானிலை அறிக்கைகளையும், நோட்டாம் எனப்படும் தற்காலிக அறிவிப்புகளையும் படித்தல்.

6. தேவைப்பட்டால் பறத்தல் திட்டத்தை உரிய வடிவத்தில் வான்போக்குவரத்து அதிகாரிகளுக்கு அனுப்புதல்.

முன்பெல்லாம் இதற்கு மடிப்பு வரைபடம், அளவுகோல், கோணமானி, பென்சில், அப்புறம் இ-6-பி என்ற வட்டக் கணிப்பான் தேவைப்பட்டன. 1930-களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஃபிலிப் டால்டன் வடிவமைத்த கருவி அது. பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையால் செய்தால் கணிசமான நேரம் பிடிக்கிற இந்த வேலையைச் செயலி விரல் நுனியில் முடித்துவிடுகிறது. மேலே போன பிறகு, அதே பாதையின் மேல் விமானம் எங்கே இருக்கிறது என்றும் காட்டுகிறது. திட்டமிடலும் வழிகாட்டலும் ஒரே பலகையில் சேர்ந்ததுதான் இங்கே நடந்த பெரிய மாற்றம்.

இது எப்படி வந்தது

2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் சுமார் 100 மீட்டர் வரை தப்பும். அந்தப் பிழையை நீக்கியதும் கைக்கருவி ஜிபிஎஸ் திடீரெனத் துல்லியமானது. பாம் கணினி, விண்டோஸ் கைக்கணினி போன்றவற்றில் அந்தக் காலத்திலேயே பறத்தல் மென்பொருள்கள் ஓடின. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டுபவர்கள் இன்றும் விரும்பிப் பயன்படுத்தும் எக்ஸ்சிசோர் என்ற திறந்த மூல மென்பொருளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உள்ளங்கை அளவுத் திரையில், நல்ல வெயிலில், வரைபடம் படிப்பது பெரும்பாடு.

2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. விமான நிலையத்தை நெருங்கி இறங்கும் வழியைக் காட்டும் அணுகுமுறை வரைபடத்தின் ஒரு தாளை ஏறக்குறைய அதே அளவில் காட்டக்கூடிய திரை, பல மணி நேரம் தாங்கும் பேட்டரி, சில மாடல்களில் ஜிபிஎஸ். விமானிகளை மனத்தில் வைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை, ஆனாலும் கச்சிதமாகப் பொருந்திப்போனது. 2007-இல் தொடங்கிய ஃபோர்ஃபிளைட் அந்த அலையில் வளர்ந்தது. 2019-இல் போயிங் அதை வாங்கியது. ஐரோப்பாவில் ஸ்கைடெமன், ஆஸ்திரேலியாவில் ஓஸ்ரன்வேஸ், ஏவ்பிளான், பல நாடுகளிலும் கார்மின் பைலட் என்று வட்டாரத்துக்கு ஒன்று இரண்டு வேரூன்றின. ஒவ்வொரு நாட்டின் வரைபடத்தையும் வான்வெளி விதியையும் தனித்தனியாகச் சேகரித்துப் புதுப்பிக்க வேண்டும், உலகம் முழுவதுக்கும் ஒரே செயலி என்று வராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். சந்தா கேட்பதும் இந்தத் தரவுக்காகத்தான். ஜெப்பசனின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. அதை 1934-இல் தொடங்கிய எல்ரி ஜெப்பசன், அஞ்சல் விமானியாக இருந்தபோது தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த விமானதளக் குறிப்புகளைப் பிரதியெடுத்து 10 டாலருக்கு விற்றவர்.

காற்றுக் கணக்கு

விமானம் காற்றுக்குள் பறக்கிறது. காற்று நகர்ந்தால் விமானமும் சேர்ந்து நகரும். ஆகவே காற்றில் 100 நாட் வேகம் என்பது தரைமேல் 100 நாட் ஆகாது. (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.)

120 கடல் மைல் தொலைவில் இருக்கும் தளத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 72 நிமிடம், வர 72 நிமிடம், மொத்தம் 144. இப்போது போகும் வழியில் 20 நாட் எதிர்க்காற்று. போக 90 நிமிடம், அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் திரும்ப 60 நிமிடம். மொத்தம் 150. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்போம், ஆனால் கணக்கு அப்படி வராது. எதிர்க்காற்றில் கழிக்கும் நேரம் எப்போதும் அதிகம்.

முன்னறிவிப்பு 20 நாட் என்றது, உண்மையில் 30 நாட் அடிக்கிறது என்றால்? போக மட்டும் 103 நிமிடம் ஆகும், திட்டத்தைவிட 13 நிமிடம் அதிகம். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி பகலில் இறங்கும்போது மிச்சம் இருக்க வேண்டிய எரிபொருள், சர்வதேசத் தரப்படி, 30 நிமிடத்துக்கானது. இரவில் 45 நிமிடம். சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு கிளம்பியவருக்கு, பாதி வழி முடிவதற்குள் அந்த 30-இல் 13 கரைந்துவிட்டது.

செயலி இந்தக் கூட்டல் கழித்தலில் தப்பவே தப்பாது. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் காற்று பெரும்பாலும் உலக வானிலை மாதிரிகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது, அதன் தரவு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. கட்டத்துக்குள் ஒரு மலைக்கணவாய் இருந்து அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போனாலும் மாதிரிக்குத் தெரியாது. வந்து சேரும் நேரத்தை 10 மணி 42 நிமிடம் என்று செயலி நிமிட சுத்தமாகச் சொல்வது கணக்கின் துல்லியம்தான், காற்றைப் பற்றிய அறிவின் துல்லியம் அல்ல.

ஒரே திரை, வெவ்வேறு வயது

திரையில் தெரியும் எல்லாக் கோடுகளும் நிறங்களும் ஒரே கூர்மையில், ஒரே நம்பிக்கையோடு வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை ஒரே நேரத்தில் அளந்தவை அல்ல. ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. விமானத்தின் இடம். பொதுவாக விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 100 நாட் வேகத்தில் அது சுமார் 50 மீட்டர். திரையில் இருப்பதிலேயே புத்தம் புதியது இதுதான்.

2. வான்வெளி எல்லை, வானொலி அலைவரிசை, ஓடுபாதை விவரம். உலகம் முழுக்க இவை 28 நாள் சுழற்சியில், ஒரு வியாழக்கிழமையில், மாறுகின்றன. ஏராக் சுழற்சி என்று பெயர். சுழற்சி மாறியும் புதிய தரவை இறக்கிக்கொள்ளாதவரின் திரையில் எல்லைக்கோடு பழைய இடத்திலேயே, அழகாக, இருக்கும்.

3. நோட்டாம். ஓடுபாதை மூடல், புதிதாக நட்ட கிரேன், தற்காலிகத் தடை வளையம். இவை மணிக்கணக்கில் மாறுபவை. இந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது 2023 ஜனவரி 11 அன்று வெளியே தெரிந்தது. அமெரிக்காவின் நோட்டாம் கணினி செயலிழந்ததால் நாடு முழுவதும் உள்நாட்டு விமானங்களின் புறப்பாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நிறுத்தப்பட்டது. செயலிகள் நோட்டாம்களை வரைபடத்தின் மேல் வளையமாக வரைந்து காட்டுவது பெரிய உதவி. ஆனால் சரியான ஆயத்தொலைவுகளோடு எழுதப்பட்டவற்றைத்தான் அப்படி வரைய முடியும். மற்றவை பட்டியலில் எங்கோ ஒளிந்துகிடக்கும், உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

4. நிலமும் தடைகளும். உலகளாவிய நில உயரத் தரவுகள் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் ரேடாரால் அளந்தது. உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் அதில் அடங்கும். மலை அவ்வளவு சீக்கிரம் நகராது, ஆகவே வயது இங்கே பெரிய குறை அல்ல. குறை கோபுரங்களிலும் கம்பிகளிலும் இருக்கிறது. ஒரு நாடு தன் பரப்பு முழுவதற்கும் தொகுக்க வேண்டிய தடைப் பட்டியலில், சர்வதேசத் தரப்படி, 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமானவையே கட்டாயம். விமான நிலையங்களைச் சுற்றி விதி இன்னும் இறுக்கம். பள்ளத்தாக்கின் குறுக்கே 60 மீட்டர் உயரத்தில் ஓடும் மின்கம்பி எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். திரையில் நிலம் பச்சையாகத் தெரிவதற்கு அர்த்தம், தரவில் தடை எதுவும் இல்லை என்பது மட்டுமே.

5. மழை ரேடார் படம். அடுக்குகளிலேயே மோசமாக ஏமாற்றக்கூடியது இதுதான். பல ரேடார்களின் அளவீட்டைச் சேர்த்து, ஒட்டி, ஒரே படமாக்கி, வானொலி வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ விமானத்துக்கு அனுப்புகிறார்கள். படத்தின் ஓரத்தில் "ஒரு நிமிடம் முன்" என்று எழுதியிருக்கும். அது ஒட்டுப்படம் தயாரான நேரம், ரேடார் மழையைப் பார்த்த நேரம் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் விடுத்த எச்சரிக்கையின்படி, மிக மோசமான சந்தர்ப்பங்களில் உண்மையான வயது திரையில் காட்டியதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடலாம். 15 நிமிடத்தில் 100 நாட் விமானம் 25 கடல் மைல் போய்விடும். இடிமேகமும் தன் பங்குக்கு நகர்ந்திருக்கும், சில சமயம் புதிதாகவே முளைத்திருக்கும். இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே தெரிகிற இடைவெளியில் புகுந்து போவது, கால் மணி நேரத்துக்கு முன்பு இருந்த இடைவெளியில் புகுவதுதான். 50 மைலுக்கு முன்பே பாதையை மாற்ற இந்தப் படம் அருமையானது. பக்கத்தில் போய் நெளிந்து நுழைய இது உதவவே உதவாது.

6. மற்ற விமானங்கள். ஏடிஎஸ்-பி என்ற ஏற்பாட்டில் விமானங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே ஒலிபரப்புகின்றன. கையடக்க வாங்கி (ரிசீவர்) ஒன்று அதைப் பிடித்து டேப்லெட்டுக்கு அனுப்பும். ஒலிபரப்புக் கருவி இல்லாத விமானம் திரையில் வராது. அமெரிக்காவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ரேடார் மட்டும் பார்த்த விமானங்களையும் தரைநிலையங்கள் திருப்பி ஒலிபரப்பும், ஆனால் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் விமானங்களைச் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி என்ற வளையத்துக்குள் இருப்பவற்றை மட்டுமே. வாங்கியை மட்டும் வைத்திருப்பவர் பக்கத்து விமானத்துக்காக அனுப்பிய செய்தியைத்தான் ஒட்டுக்கேட்கிறார். அரைகுறைப் படம் கிடைக்கும், அரைகுறை என்பது மட்டும் திரையில் தெரியாது.

உயரத்தில் வரும் குழப்பம்

வான்வெளியின் மேல், கீழ் எல்லைகள் காற்றழுத்த உயரமானியை அடிப்படையாகக் கொண்டவை. டேப்லெட்டோ பெரும்பாலும் ஜிபிஎஸ் உயரத்தைக் காட்டுகிறது. அது வடிவியல் உயரம், செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் அளந்து கணக்கிட்டது. இரண்டும் சரியாகவே இயங்கும்போதும் வேறுபடும்.

வெப்பமான நாளில் காற்று விரிந்திருக்கும். வெப்பநிலை, உயரமானி அடிப்படையாகக் கொள்ளும் தர அளவைவிட 10 டிகிரி கூடினால் உண்மையான உயரம் உயரமானி காட்டுவதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் அதிகம். 20 டிகிரி கூடியிருக்கும் நாளில் உயரமானி 6,000 அடி என்கிறபோது ஜிபிஎஸ் சுமார் 6,480 என்று சொல்லும். தலைக்கு மேல் 6,500 அடியில் தடைசெய்யப்பட்ட வான்வெளி தொடங்குகிறது என்று வையுங்கள். செயலி எச்சரிக்கை மணி அடிக்கும், உயரமானிப்படி இன்னும் 500 அடி இருக்கிறது. இங்கே உயரமானி சொல்வதே சட்டப்படி செல்லும், மற்ற விமானங்களும் அதைப் பார்த்துத்தான் பறக்கின்றன. குளிர்நாளில் இது தலைகீழாகும்: ஜிபிஎஸ்ஸை நம்பினால் எல்லைக்குள் நுழைந்துவிட்டும் மணி அடிக்காமல் இருக்கலாம்.

மலைக்கு மேலே கேள்வியே வேறு. பாறைக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்பது வடிவியல் சமாசாரம், அங்கே ஜிபிஎஸ் உயரம் நன்றாகவே உதவும். கடுங்குளிரில் உயரமானி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

சறுக்கல் வளையம்

எஞ்சின் நின்றால் எதுவரை சறுக்கிப் போகலாம் என்று விமானத்தைச் சுற்றி ஒரு வளையம் வரைவது இந்தச் செயலிகளின் பெயர்பெற்ற வசதி. சாதாரண நான்கு இருக்கை விமானத்தின் சறுக்கல் விகிதம் சுமார் 9-க்கு 1. தரையிலிருந்து 6,000 அடி மேலே இருந்தால் 9 மடங்கு, ஏறக்குறைய 9 கடல் மைல். ஆனால் 65 நாட்டில் சறுக்கி இறங்க எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதற்குள் 20 நாட் காற்று விமானத்தை 2.7 மைல் தள்ளிவிடும். ஆகவே காற்றோடு போனால் சுமார் 11.7 மைல், எதிர்த்துப் போனால் 6.3. வளையம் மையம் விலகித்தான் இருக்க வேண்டும். நல்ல செயலிகள் காற்றையும் நில உயரத்தையும் சேர்த்தே வரைகின்றன. காற்று அடிக்கும்போதும் உங்களுடையது விமானத்தை நட்டநடுவில் வைத்தே வட்டம் வரைந்தால் அதில் காற்று சேரவில்லை என்று பொருள். திகைத்து நிற்கும் முதல் விநாடிகளையும், திரும்பும்போது இழக்கும் உயரத்தையும் இந்த வளையங்கள் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் வயலை எட்டிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

விமானத்தில் பொருத்தப்படும் ஜிபிஎஸ் கருவிக்குத் தரச்சான்று உண்டு. உபரி செயற்கைக்கோள்களை வைத்துத் தன் கணக்கு சரிதானா என்று அது தானே சரிபார்த்து, சந்தேகம் வந்தால் சொல்லிவிடும். டேப்லெட்டில் பொதுவாக அந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் இந்தச் செயலிகள் விமானிக்குத் தகவல் தரும் துணைக் கருவிகள் என்ற வகையிலேயே வைக்கப்படுகின்றன. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்க டேப்லெட்டின் புள்ளியைப் பின்பற்றக் கூடாது, ஆனால் அந்த அணுகுமுறைத் தாளைக் காகிதத்துக்குப் பதில் டேப்லெட்டில் வைத்துப் படிக்கலாம். அமெரிக்காவில் தனியார் பறத்தலுக்கு இது நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது, தரவு நடப்பில் இருக்க வேண்டும் என்பதும் பொறுப்பு விமானியுடையது என்பதும் நிபந்தனை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒருபடி மேலே போய், தடை வான்வெளிக்குள் தவறி நுழைவதைக் குறைக்க நகரும் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொல்லி ஊக்குவிக்கிறது. சாமானிய நியாயம்தான். எல்லையைத் தாளில் விரலால் தேடுவதைவிட அது நெருங்குவதைக் கண்ணால் பார்ப்பது மேல்.

எங்கே கைவிடும்

சூடு முதலில். ஐபேடின் இயக்க வெப்பநிலை 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். கண்ணாடிக்குக் கீழே வெயிலில், முழு வெளிச்சத்தில், சார்ஜ் ஏறியபடி இருக்கும் பலகை அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. சூடானதும் திரை மங்கும், அப்புறம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

அடுத்து, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வீட்டில் வைஃபையை வைத்து இடத்தைக் காட்டுவதால் இருப்பதுபோல் தோன்றும், மேலே போனால் புள்ளி காணாமல் போகும். செல்லுலார் மாடல் வேண்டும், அல்லது வெளியே இருந்து ஒரு வாங்கி. மேலே செல்போன் இணைப்பை நம்ப முடியாது என்பதால் எல்லா வரைபடங்களையும் தரையிலேயே இறக்கியிருக்க வேண்டும். அதிகம் பயன்படுத்தாத செயலிகளைத் தானாக நீக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், சில மாதங்களாகப் பறக்காதவரின் செயலியே காணாமல் போயிருக்கும். அதை அணைத்துவைப்பது நல்லது.

கடைசியாக, சமிக்ஞையே கெடுவது. கிழக்கு மத்தியதரைக் கடல், கருங்கடல், பால்டிக் பகுதிகளில் சமீப ஆண்டுகளில் ஜிபிஎஸ் குறுக்கீடு அடிக்கடி பதிவாகிறது. அதில் இரண்டு வகை. ஒன்று, இரைச்சலால் சமிக்ஞையை மூழ்கடிப்பது. அப்போது புள்ளி உறைந்துபோகும் அல்லது மறையும், ஆகவே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று போலிச் சமிக்ஞை; அதில் புள்ளி உயிரோடு நகர்ந்துகொண்டே தவறான இடத்தில் இருக்கும். தன்னைச் சரிபார்க்காத கைக்கருவிக்கு இதைப் பிடிப்பது கடினம். கண்டுபிடிக்கும் வேலை விமானிக்குத்தான் வரும்: இத்தனை மணிக்கு இந்த ஆற்றைக் கடக்க வேண்டும் என்று புறப்படும் முன் குறித்து வைத்த நேரமும், திசைகாட்டியும், ஜன்னலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. விலகலைத் திருத்த பழைய 60-க்கு 1 விதி போதும். 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு டிகிரி. 20 மைலில் 2 மைல் விலகல் என்றால் 6 டிகிரி. அவ்வளவு திருப்பினால் போட்ட பாதைக்கு இணையாக ஓடலாம். முன்னால் இன்னும் 20 மைல் இருந்தால் மேலும் 6 டிகிரி திருப்பினால் நேரே இலக்குக்கே போய்ச் சேரலாம். இதற்கு பேட்டரி வேண்டாம், ஆனால் தரையிலேயே பாதையில் சில அடையாளங்களையும் நேரங்களையும் தொடையில் கட்டிய தாளில் எழுதியிருக்க வேண்டும்.